பக்கத்தில் நாலு மாடி இடிக்கிறார்கள்: பத்தடிச் சந்து போதுமா?

தெற்கு மாசி வீதிப் பக்கம் எதிர்வீட்டு நாலு மாடியை இடிக்கிறார்கள், நடுவில் பத்தடிச் சந்து இருக்கிறது, கல் நேராகத்தானே விழும் என்று கேட்டிருந்தீர்கள். நேராக விழாது அண்ணே. 12 மீட்டர் உயரத்திலிருந்து செங்கல் தரைக்கு வர ஒன்றரை விநாடிதான். தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். சம்மட்டி அடியில் பக்கவாட்டாக விநாடிக்கு 3 மீட்டர் வேகம் கிடைத்தாலே நாலரை மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் சந்தைத் தாண்டி உங்கள் திண்ணையில் விழும். சுவர் முழுசாகச் சாய்ந்தால் தன் உயரத்தின் அளவு தூரத்துக்கு எட்டும்.

எனக்கு அதைவிடப் பயம், இடித்த கல்லை மேல்தளத்திலேயே குவிப்பதுதான். பாரம் தாங்காமல் ஒரு தளம் விழுந்தால், அந்த மோதல் சும்மா கிடக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு. கீழ்த்தளங்களும் வரிசையாக இறங்கிவிடும். குவியல் கண்ணில் பட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் மாநகராட்சியில் புகார் கொடுங்கள். அதுவரை பிள்ளைகளைத் தெருப்பக்க அறையில் படுக்க வைக்காதீர்கள்.