காமிக் சான்ஸ் எழுத்துருவை ஏன் எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள்? அதை எங்கேதான் பயன்படுத்தலாம்?

கணினியில் பக்கம் அமைக்கிற டிடிபி, அழைப்புப் பத்திரிகை அடிக்கிற வேலைதான் எனக்குப் பிழைப்பு. இந்த எழுத்துருவை நானும் கிண்டல் செய்திருக்கிறேன், இதைப் போட்டுச் சூடும் பட்டிருக்கிறேன்.

அது பிறந்த கதையிலேயே பாதி விடை இருக்கிறது. 1994-இல் மைக்ரோசாஃப்டில் இருந்த வின்சென்ட் கானேர், 'மைக்ரோசாஃப்ட் பாப்' என்ற மென்பொருளின் சோதனைப் பதிப்பைப் பார்த்தார். அதில் ஒரு கார்ட்டூன் நாய் பேசுகிறது. பேச்சுக் குமிழிக்குள் எழுத்து மட்டும் டைம்ஸ் நியூ ரோமன். நாய் வக்கீல் நோட்டீஸ் வாசித்த மாதிரி! மனிதருக்கு உறுத்திவிட்டது. காமிக்ஸ் புத்தகங்களில் கையால் எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு எழுத்துரு வரைந்தார். பாப் வெளியானபோது அதில் இந்த எழுத்துரு இடம்பெறவில்லை. ஆனால் விண்டோஸ் 95 காலத்தில் வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்துவிட்டது. அப்புறம் ஆஸ்பத்திரி அறிவிப்பு, ஆபீஸ் சுற்றறிக்கை என்று போகாத இடமில்லை. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் என்ற அணுத்துகள் பற்றிய முடிவுகளை செர்ன் ஆய்வுக்கூடத்தில் அறிவித்தபோது, இயற்பியலாளர் ஃபாபியோலா ஜியானோட்டி காட்டிய ஸ்லைடுகளும் இதே எழுத்தில்தான். உலகமே சிரித்தது.

என் கதை: ஒருவர் அப்பாவின் பதினாறாம் நாள் பத்திரிகைக்கு வந்தார். வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக ஒரு பக்கம் ஆங்கிலம். "கையால எழுதுன மாதிரி இருக்கட்டும்ண்ணே" என்றார். காமிக் சான்ஸ் போட்டேன். போனில் ப்ரூஃப் பார்த்துச் சரி என்றார். அச்சடித்த கட்டைக் கையில் வாங்கியதும் முகம் மாறியது. "பர்த்டே கார்டு மாதிரி இருக்குண்ணே." மறுபடி என் செலவில் அடித்துக் கொடுத்தேன்.

எழுத்து மோசமில்லை. உருண்ட முனை, மார்க்கர் பேனாவில் எழுதியதுபோல ஒரே தடிமன், பிள்ளைகள் எழுதுகிற வட்டமும் கோடுமான சின்ன ஏ. மழலையர் வகுப்புப் பயிற்சித்தாள், கார்ட்டூன் குமிழி, பிறந்தநாள் பேனர் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு வாசிக்க எளிதான எழுத்துகளில் ஒன்றாக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கமும் இதைச் சொல்கிறது. துக்கம், சட்டம், பணம் பேசுகிற இடத்தில் மட்டும் வேண்டாம். பக்கம் பக்கமாகவும் வேண்டாம், கண் சலித்துவிடும்.

தமிழுக்கு இது உதவாது. இதில் தமிழ் எழுத்துகளே இல்லை. தேர்ந்தெடுத்தாலும் கணினி வேறொரு எழுத்துருவைத்தான் காட்டும். ஆங்கிலம் விளையாட, தமிழ் விறைப்பாக நிற்கும். தமிழில் கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கூகுள் ஃபாண்ட்ஸில் இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கில எழுத்தும் அதிலேயே உண்டு. எந்தக் கையெழுத்து எழுத்துருவை எடுத்தாலும் முதலில் 'அம்மா' என்று பெரிதாக அடித்துப் பாருங்கள். இரண்டு 'ம'வும் அச்சு அசலாக ஒன்றுபோல நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெரிய தலைப்பில் நான் இரண்டாவது 'ம'வைக் கோட்டுருவாக (இழுத்து வளைக்கக்கூடிய வெறும் படமாக) மாற்றி, வளைவைக் கொஞ்சம் இழுத்துவிடுவேன்.