அவரைத் துரோகி என்று எழுத மாட்டேன்

கேள்வி: சென்ற இதழில் ஈழத்தின் பத்மநாபாவை ‘போராளித் தலைவர்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு கைகோத்தவரைத் துரோகி என்றுதானே எழுத வேண்டும்?
- ஒரு வாசகர், சாலிகிராமம்

பதில்: மாட்டேன். அவர் மீது குறையே இல்லை என்பதால் அல்ல. குறைகள் உண்டு, பெரியவை.

1951-ல் காங்கேசன்துறையில் பிறந்தவர். லண்டனில் உருவான ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தில் தொடக்கத்திலேயே சேர்ந்தார். எண்பதுகளின் ஆரம்பத்தில் அதிலிருந்து பிரிந்து ஈ.பி.ஆர்.எல்.எஃப். (ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி) கண்டார். மலையகத் தோட்டத் தொழிலாளியையும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரரையும் விட்டுவிட்டு என்ன விடுதலை என்று கேட்ட இயக்கம் அது. ‘தோழர் நாபா’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள். 1988-ல் இலங்கையின் வடகிழக்கு மாகாண சபை அவர் கட்சியின் கைக்கு வந்தது. முதலமைச்சரானவர் வரதராஜப் பெருமாள். நாபா பதவிக்குப் போகவில்லை. கட்சியின் செயலாளர் நாயகமாகவே இருந்தார்.

இனி, குறைகள். மாகாண ஆட்சியைக் காக்க ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ என்று ஒன்றைத் திரட்டினார்கள். அங்கே அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘பிள்ளை பிடி’. ரோட்டில் போன பையனைப் பிடித்து, அவசரமாகப் பயிற்சி கொடுத்து, கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். அமைதிப்படை கிளம்பியதும் அந்தப் பிள்ளைகள் புலிகளின் முன்னால் தனியாக நின்றார்கள். வீட்டு வாசலில் காத்திருந்த தாய்க்கு நாபா பதில் சொல்லியே ஆக வேண்டும். இங்கே சென்னையிலும், 1986 தீபாவளி அன்று சூளைமேட்டில் அவருடைய இயக்கத்தினர் சுட்டதில் ஓர் உள்ளூர் இளைஞர் இறந்தார். அதையும் மறக்க முடியாது.

இதையெல்லாம் தவறு என்று எழுதுங்கள், குற்றம் என்றே எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் ‘துரோகி’ என்பது வேறு மாதிரியான சொல். அதைச் சொன்ன பிறகு விசாரணை கிடையாது, துப்பாக்கிதான். 1975-ல் யாழ்ப்பாண மேயர் துரையப்பாவுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். 1986-ல் டெலோ என்ற இன்னொரு போராளி இயக்கத்தின் தலைவர் சிறீசபாரத்தினம், 1989-ல் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம். சாகும் முன் எல்லோருக்கும் அதே பட்டம்தான்.

1990 ஜூன் 19 அன்று அது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது. கோடம்பாக்கம் சக்காரியா காலனியில் ஓர் அடுக்குமாடி வீடு. புலிகள் உள்ளே புகுந்து சுட்டார்கள். நாபாவோடு இலங்கை எம்.பி. யோகசங்கரி, மாகாண நிதியமைச்சராக இருந்த கிருபாகரன் என்று பத்துப் பேருக்கும் மேல் போனார்கள். நம் ஊரில் அந்தக் கொலையைப் பேசுபவர்கள், அடுத்த ஜனவரியில் தி.மு.க. ஆட்சி கலைந்ததையும் அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் கொலையையும் பேசிவிட்டு எழுந்து விடுகிறார்கள். அந்த வீட்டில் செத்தவர்களும் தமிழர்கள், தமிழர் விடுதலைக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் என்பது யார் பேச்சிலும் வருவதில்லை.

அடுத்த முறை அவரைப் பற்றி எழுத நேர்ந்தாலும் ‘போராளித் தலைவர்’ என்றுதான் அச்சாகும். பிள்ளை பிடித்த கதையும் அதே பக்கத்தில் இருக்கும்.