எடைகளுக்குள் இருக்கும் முடிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீர்வள மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஒரு நீர்த்தேக்கத்தை எவ்வாறு இயக்குவது என்பதே என் தலைப்பு. வெள்ளத் தடுப்பு, பாசனம், நீர்மின்சாரம் என மூன்று இலக்குகள். ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியத்துவத்தைக் குறிக்கும் ஓர் எண்ணை எடையாகக் கொடுத்து, மூன்றையும் கூட்டி, அதிக மதிப்பெண் பெறும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்படி நெறியாளர் சொன்னார், அப்படியே செய்தேன். ஆனால் பாசனத்தின் எடையை 0.40-இலிருந்து 0.42-ஆக மாற்றினாலே விடை முற்றிலும் வேறொன்றாகிவிடுகிறது. மின்கல வடிவமைப்பில் ஆய்வு செய்யும் என் தோழிக்கும் இதே சிக்கல். எடைகளை நானே தீர்மானிக்கிறேன் என்றால் விடையையும் நானே தீர்மானித்துவிட்டதாகத்தானே பொருள்? இதை ஆய்வு என்று சொல்லலாமா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. இந்தத் துறையின் நடுவிலுள்ள கேள்வியை நீங்கள் தொட்டுவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். வெள்ளத்தைத் தடுக்க நீர்த்தேக்கத்தில் வெற்றிடம் வேண்டும். பாசனத்துக்கு வறண்ட மாதங்கள் வரை நீர் நிறைந்திருக்க வேண்டும். மின்சாரத்துக்கு நீர்மட்டம் உயர்ந்திருக்கவும் வேண்டும், தேவை மிகும் நேரத்தில் நீரைத் திறந்துவிடவும் வேண்டும். ஒரே நீரிடம் மூவரும் கேட்பது நியாயமாகவே இருக்கும்போது, யாருக்கு எவ்வளவு என்பதைக் கணக்கு மட்டும் தீர்த்துவைக்காது. 0.40 என்று நீங்கள் எழுதிய கணத்தில் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். அது தீர்ப்பு என்பது அட்டவணையில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதலில், எடை சற்றே மாறியதும் விடை வேறொன்றுக்குத் தாவுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் நிரலின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. எளிமைக்காக இரண்டு இலக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு திட்டத்தையும் வரைபடத்தாளில் ஒரு புள்ளியாக வையுங்கள். ஓர் இலக்கைக் கெடுக்காமல் மற்றதை மேம்படுத்த முடியாது என்ற நிலையிலுள்ள புள்ளிகள் சேர்ந்து ஒரு விளிம்பாகும். பொருளியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோவின் (1848–1923) பெயரால் அதைப் பரேட்டோ எல்லை என்கிறோம். எடை கொடுத்துக் கூட்டுவது என்பது, ஓர் அளவுகோலைக் குறிப்பிட்ட சாய்வில் பிடித்து, வெளியிலிருந்து அந்த விளிம்பின்மேல் கொண்டுவந்து சாத்துவதற்கு ஒப்பானது. விளிம்பு வெளிப்புறமாகப் புடைத்திருக்கும் இடங்களில், சாய்வை மாற்ற மாற்ற, அளவுகோல் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுச் செல்லும். உட்குழிந்த இடத்திலோ அது குழியின் இரு கரைகளில் மட்டுமே படியும். சாய்வு சிறிது மாறியதும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தாவிவிடும். குழிக்குள் இருக்கும் திட்டங்கள் எந்த எடையைக் கொடுத்தாலும் உங்கள் கண்ணில் படப்போவதில்லை. எல்லாத் தரப்பும் ஏற்கக்கூடிய நடுவழித் திட்டம் ஒருவேளை அங்கேதான் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு வழி உண்டு. 1971-இல் யாக்கோவ் ஹெய்ம்ஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் முன்வைத்த முறையில், ஓர் இலக்கை மட்டும் உச்சத்துக்குக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை 'இதற்குக் கீழே போகக்கூடாது' என்ற வரம்புகளாக மாற்றிவிடுவார்கள். பிறகு அந்த வரம்பைப் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் கணக்கைப் போடுவார்கள். இதில் குழிக்குள் உள்ள புள்ளிகளும் கிடைக்கும். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு: வெள்ளத்துக்கென ஒதுக்கும் இடத்தை இன்னும் ஒரு படி கூட்டினால் பாசனம் எவ்வளவு நீரை இழக்கும் என்பது கன மீட்டரில், கண்ணெதிரே தெரியும். அந்த எண்ணை ஒரு விவசாயியிடம் சொல்லலாம், அவர் அதற்கு மறுமொழி சொல்ல முடியும். 0.42 என்ற எடையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

உங்கள் தோழியின் மின்கலம் இன்னும் தெளிவான சான்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்துக்குக் கோபால்ட்டும் நிக்கலும் தேவையில்லை, வெப்பத்தையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் நிக்கல், கோபால்ட் சேர்ந்த மின்கலத்தை ஒப்பிட, அதே எடையில் குறைந்த ஆற்றலையே சேமிக்கும். நெடுந்தொலைவு ஓட வேண்டிய வாகனத்துக்கு இது பெரிய குறை. ஓரிடத்திலேயே நின்று சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் கிடங்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரே விளிம்பில் இரண்டு பேர் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இருவரின் தேர்வும் சரி. விளிம்பை வரைந்து கொடுப்பது ஆய்வாளரின் வேலை. புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதன் விளைவை அனுபவிக்கப்போகிறவர்களுடையது.

எடைகளைவிட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது, பட்டியலில் இடம்பெறாத இலக்குகள். குளிர்பதனப் பெட்டிகளில் ஒரு காலத்தில் அம்மோனியாவும் சல்ஃபர் டையாக்சைடும் இருந்தன, கசிந்தால் ஆபத்து. நச்சும் இல்லாத, தீப்பற்றவும் செய்யாத ஒரு பொருளைத் தேடி 1928-இல் தாமஸ் மிட்ஜ்லியும் உடன் பணியாற்றியவர்களும் குளோரோஃபுளோரோகார்பன்களைக் கண்டடைந்தனர். அவர்கள் முன் இருந்த இலக்குகளின்படி அது மிகச் சிறந்த விடை. ஓசோன் படலம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்தப் பொருள்கள் ஓசோனை அழிக்கக்கூடும் என்பதை வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் சுட்டிக்காட்டியது 1974-இல். அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது 1987-இல். மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைக் காத்தன, ஆனால் புவியைச் சூடாக்கின; 2016-இல் அந்த உடன்படிக்கைக்கு வந்த கிகாலி திருத்தம் அவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. இன்று மாற்றுகளில் ஒன்றாகப் பயன்படுத்தப்படும் புரொப்பேன் தீப்பற்றக்கூடியது. 1928-இல் விலக்க நினைத்த இடர் மீண்டும் மேசைக்கு வந்திருக்கிறது, இம்முறை மற்ற இலக்குகளோடு சேர்த்து எடைபோடப்படுவதற்காக.

உங்கள் நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஓர் ஆறு ஓடுகிறது அல்லவா? உங்கள் மூன்று இலக்குகளில் அதைக் காணவில்லை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் க்ளென் கேன்யன் அணை 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கியபின், கீழே வரவேண்டிய மணல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. கரைகளிலிருந்த மணல்திட்டுகள் கரைந்தன. அவற்றை மீட்க 1996-இல் ஒரு வாரம் வேண்டுமென்றே பெருவெள்ளத்தைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். அந்த நீரில் ஒரு பகுதி மின்பொறிகளுக்குள் செல்லாமலே வெளியேறியது. அதற்கான மின்சாரத்தை இழக்கச் சம்மதித்த பின்பே அதைச் செய்ய முடிந்தது. ஆற்றின் அடியிலிருந்து எழும் என்று நம்பிய மணலில் பெரும்பகுதி, ஏற்கெனவே இருந்த திட்டுகளிலிருந்தே அரித்து வந்தது என்று பின்னர் அளவீடுகள் காட்டின. அதனால், துணையாறுகள் புதிய மணலைக் கொண்டுவந்து சேர்த்த காலம் பார்த்துத் திறக்கும் வழக்கம் வந்தது. இலக்கைப் பட்டியலில் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. அளந்து, திருத்தி, மீண்டும் அளக்கவேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். பாசனத்தை ஆண்டுச் சராசரியாக மட்டும் எழுதாதீர்கள். நல்ல ஆண்டுகளின் மிகுதி, வறண்ட ஆண்டின் பட்டினியைச் சராசரிக்குள் மூடிவிடும். நீர் எத்தனை முறை போதாமல் போகிறது, போதாமல் போனால் எவ்வளவு விரைவில் மீள்கிறது, அந்தப் பற்றாக்குறை எவ்வளவு கடுமையானது என்று மூன்றாகப் பிரித்து அளக்கும் முறையை ஹாஷிமோட்டோ, ஸ்டெடிஞ்சர், லௌக்ஸ் ஆகிய மூவரும் 1982-இலேயே வகுத்துத் தந்திருக்கிறார்கள்.

அதிகாரிகளுக்கு ஒரே விடைதான் வேண்டும் என்று உங்கள் நெறியாளர் கவலைப்படக்கூடும். அது பொய்யான கவலையன்று. நூறு புள்ளிகளை அவர்கள் முன் கொட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். விளிம்பிலிருந்து ஒன்றுக்கொன்று உண்மையாகவே வேறுபட்ட நான்கு திட்டங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் யார் எவ்வளவு பெறுகிறார், யார் எவ்வளவு இழக்கிறார் என்பதை அவரவர் அலகிலேயே எழுதுங்கள். உங்கள் பரிந்துரை எது என்பதையும், எந்த மதிப்பீட்டால் அதைத் தேர்ந்தீர்கள் என்பதையும் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். நெறியாளர் கேட்ட எடையிட்ட மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே வையுங்கள். 0.40-க்கும் 0.42-க்கும் இடையில் அது தாவும் இடத்தை விளிம்பின் படத்தோடு சேர்த்துக் காட்டினால், உங்கள் ஆய்வேட்டின் மிக வலுவான அத்தியாயம் அதுவாகவே இருக்கலாம்.

அன்புடன்