உள்ளடுக்குத் தரவை வகைமரமாகக் காண்பது எப்படி? பைத்தான் கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் பைத்தான் பழகும் நண்பர்கள் சென்ற வாரம் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: டிக்ஷனரிக்குள் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் தொகுப்பு) லிஸ்ட் (உறுப்புகளின் வரிசை), லிஸ்ட்டுக்குள் மீண்டும் டிக்ஷனரி என்று அடுக்கடுக்காக வரும் தரவின் வடிவத்தை ஒரே பார்வையில் எப்படிக் காண்பது என்பது. அவற்றை இங்கே தொகுத்து விடையளிக்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி மாணவர்): மாவட்டத்து அணைகளின் நீர்மட்டத்தை ஜேசன் (தரவை உரையாகச் சேமிக்கும் வடிவம்) கோப்பிலிருந்து படித்து அச்சிட்டால் திரை முழுவதும் எண்களாக ஓடுகிறது. தரவை அடுக்கி அச்சிடும் பிபிரிண்ட் பயன்படுத்தியும் எது எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை.

பதில்: பிபிரிண்ட் மதிப்புகளை ஒழுங்காக அடுக்கித் தருவதற்காக ஏற்பட்டது, உங்களுக்கு வேண்டியதோ வடிவம். எத்தனை அடுக்கு காட்டுவது என்று அதற்கு நாம் கொடுக்கும் ஆழ அளபுருவைக் குறைத்தால் உள்ளே இருப்பவை மூன்று புள்ளிகளாகச் சுருங்கும். அங்கே இருந்தது லிஸ்ட்டா டிக்ஷனரியா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆழத்தைக் கூட்டினாலோ, பேச்சிப்பாறைக்கும் பெருஞ்சாணிக்கும் இரண்டு சிற்றாறுகளுக்கும் முக்கடலுக்கும் ஒரே அமைப்பு ஐந்து முறை வரும். ஆகவே மதிப்புகளை விட்டுவிட்டு வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒத்த உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் காட்ட வேண்டும். உங்கள் கோப்பு அப்போது இப்படி ஒரு வகைமரமாகச் சுருங்கும்:

டிக்ட்
├ நாள்: ஸ்ட்ரிங்
└ அணைகள்: லிஸ்ட் [5]
　└ டிக்ட்
　　├ பெயர்: ஸ்ட்ரிங்
　　├ உச்சமட்டம்: இன்ட்
　　├ நீர்மட்டம்: ஃப்ளோட் 4, ஸ்ட்ரிங் 1
　　└ மழையளவு?: ஃப்ளோட் 3

டிக்ட் என்பது டிக்ஷனரி, ஸ்ட்ரிங் எழுத்துத் தொடர், இன்ட் முழு எண், ஃப்ளோட் பதின்ம எண். சதுர அடைப்பில் இருப்பது உறுப்புகளின் எண்ணிக்கை, வகைக்குப் பின் வரும் எண் அந்த வகை எத்தனை முறை வந்தது என்பது, கேள்விக்குறி அந்தச் சாவி சில உறுப்புகளில் இல்லை என்பது. பேச்சிப்பாறையின் 48 அடியும் பெருஞ்சாணியின் 77 அடியும் இதில் இல்லை. 'உச்சமட்டம் என்பது முழு எண்' என்ற செய்தி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இதை எழுதத் தேவைப்படுவது ஒரு தற்சுழற்சிச் செயற்கூறு (தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்). டிக்ஷனரி கிடைத்தால் ஒவ்வொரு சாவிக்கும் தன்னையே அழைக்கும். லிஸ்ட் கிடைத்தால் ஒவ்வோர் உறுப்பின் வடிவத்தையும் கண்டு அவற்றை இணைக்கும். வேறு எது கிடைத்தாலும் அதன் வகைப்பெயரைத் திருப்பித் தரும். வரைவதற்கு ரிச் என்ற நூலகத்தில் மரம் வரையும் வசதி உண்டு என்றாலும், வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

கேள்வி (தோவாளை): பூச்சந்தை விலைப்பட்டியலுக்கு நானும் இப்படி ஒன்று எழுதினேன். லிஸ்ட்டின் முதல் உறுப்பை மட்டும் பார்த்து வகையைக் காட்டுகிறேன். உறுப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

பதில்: அப்படி இருக்குமானால் மரமே தேவைப்பட்டிருக்காது. மேலே உள்ள மரத்தில் நீர்மட்டத்திற்கு எதிரே 'ஸ்ட்ரிங் 1' என்று நிற்பதைக் கவனியுங்கள். முக்கடல் வற்றிய ஒரு நாளில், உள்ளிட்டவர் எண்ணோடு 'மைனஸ்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதிவிட்டால் நேர்வது இதுதான். பட்டியலின் முதலில் பேச்சிப்பாறை இருப்பதால், முதல் உறுப்பை மட்டும் பார்க்கும் செயற்கூறு எல்லாம் ஃப்ளோட் என்று அடித்துச் சொல்லும். சராசரி கணக்கிடும் வரியில் நிரல் விழும். உங்கள் பட்டியலிலும் பிச்சியும் மல்லியும் விலையோடு இருக்க, வரத்து இல்லாத ஒரு நாளில் சம்பங்கிக்கு மட்டும் விலையிடம் வெறுமையாக இருக்கக்கூடும். சுருக்கிக் காட்டுவது வேறு, மறைத்துக் காட்டுவது வேறு என்பதால் இந்த ஓர் இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இணைக்கும் விதி எளிமையானது. இரண்டு டிக்ஷனரிகளை இணைக்கும்போது இரண்டிலும் உள்ள சாவிகள் அனைத்தையும் சேர்த்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மொத்தத்தைவிடக் குறைவாக வந்த சாவிக்குப் பின்னால் கேள்விக்குறி இடுங்கள். சாவி இல்லாமல் இருப்பதும், சாவி இருந்து மதிப்பு வெறுமையாக இருப்பதும் வெவ்வேறு நிலைகள் என்பதால் அவற்றைக் கலக்கக் கூடாது. இரண்டு லிஸ்ட்டுகளை இணைக்கும்போது அவற்றின் உறுப்பு வடிவங்களை இணையுங்கள். வெற்று லிஸ்ட்டின் உறுப்பு வடிவம் 'இன்னும் தெரியாது' என்பதே. அது எதனோடு சேர்ந்தாலும் அந்த மற்றதாகவே ஆகிவிட வேண்டும். வகைகளே வேறுபட்டால் இரண்டையும் எண்ணிக்கையோடு அருகருகே வையுங்கள். எந்த வரிசையில் இணைத்தாலும் ஒரே விடை கிடைக்க வேண்டும். உறுப்புகளைக் குலுக்கிப் போட்டு மீண்டும் ஓட்டினால் மரத்தின் கிளை வரிசை மாறலாம், ஆனால் வகைகளோ எண்ணிக்கைகளோ மாறினால் இணைப்பில் பிழை இருக்கிறது என்று பொருள்.

டூப்பிள் என்ற, மாற்ற முடியாத வரிசையை மட்டும் இப்படி மடிக்காதீர்கள். கன்னியாகுமரியின் இருப்பிடத்தை 8.08, 77.54 என்று டூப்பிளாக வைத்தால், முதல் இடம் அட்சரேகை, இரண்டாம் இடம் தீர்க்கரேகை என்று இடத்திற்கே பொருள் இருக்கிறது.

கேள்வி (குளச்சல்): படகுகளின் பதிவு எண்ணைச் சாவியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்ஷனரி வைத்திருக்கிறேன். சில நூறு படகுகள் இருப்பதால் மரமும் சில நூறு கிளைகளாக விரிகிறது. இது எப்படிச் சுருக்கம் ஆகும்?

பதில்: பைத்தானின் டிக்ஷனரி இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகிறது. 'பெயர்', 'உச்சமட்டம்' போன்ற புலங்களை ஏந்தும் பதிவேடாக வருவது ஒன்று. உங்களுடையதைப் போல, சாவியே தரவாக இருக்கும் பேரேடாக வருவது மற்றொன்று. இரண்டாவதை லிஸ்ட்டைப் போலவே மடித்து, 'டிக்ட் [ஸ்ட்ரிங் → டிக்ட்]' என்று ஒரே கிளையாகக் காட்டலாம். எது எந்த வகை என்பதைப் பைத்தான் சொல்லாது, நாம்தான் ஊகிக்க வேண்டும். சாவிகள் இருபதுக்கு மேல் இருந்து, மதிப்புகள் எல்லாம் ஒரே வகையான கொள்கலன்களாக (லிஸ்ட், டிக்ஷனரி போன்றவை) இருந்தால் மடித்துவிடுவது என் வழக்கம். இருபது என்பது சாத்திரம் அன்று. அதை அளபுருவாக வைத்து, தவறாக மடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): என் செயற்கூறு தற்சுழற்சி வரம்பைத் தாண்டிவிட்டதாகப் பிழை காட்டி நிற்கிறது. தரவு நான்கு அடுக்குகள்தான்.

பதில்: ஒவ்வொன்றாக எடுக்கக்கூடிய எதையும் லிஸ்ட்டாகக் கருதி உள்ளே இறங்கியிருப்பீர்கள். ஸ்ட்ரிங்கின் உறுப்பும் ஸ்ட்ரிங். ஓரெழுத்து ஸ்ட்ரிங்கின் உறுப்பு அதே ஓரெழுத்து ஸ்ட்ரிங். சக்கையை (பலாவை) வெட்டினால் சுளை, சுளைக்குள் கொட்டை என்று ஓரிடத்தில் முடிந்துவிடும், இது முடியாது. பைத்தானின் இயல்பான வரம்பு 1000 அழைப்புகள் என்பதால் அங்கே நிற்கிறது. வரம்பை உயர்த்தாதீர்கள், ஸ்ட்ரிங்கையும் பைட்ஸையும் (பைட்டுகளின் தொடர்) முதலிலேயே இலையாக, அதாவது உள்ளே இறங்காமல், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தன்னையே உறுப்பாகக் கொண்ட லிஸ்ட்டும் இதே பிழையைத் தரும். அதற்கு, வேரிலிருந்து இப்போது நிற்கும் இடம் வரை கடந்து வந்த பொருள்களின் அடையாள எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சோதியுங்கள். இதுவரை பார்த்த அனைத்தையும் வைத்தால், இரண்டு கிளைகள் ஒரே பொருளைப் பகிர்ந்துகொள்வதும் சுழற்சி என்று தவறாகக் காட்டப்படும்.

கேள்வி (தக்கலை, ஆசிரியை): 'ட்ரூ' என்ற மதிப்பை என் மரம் இன்ட் என்று காட்டுகிறது.

பதில்: பைத்தானில் பூல் (ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு மதிப்புகளின் வகை) என்பது இன்ட்டின் துணை வகை; வகையைச் சோதிக்கும் 'இஸ்இன்ஸ்டன்ஸ்' கொண்டு இன்ட்டா என்று கேட்டால் ஆம் என்றே விடை வரும். இலைகளுக்கு 'டைப்' தரும் பெயரை நேராக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): மதிப்புகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் இருந்தால் உள்ளே பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பார்த்தால் தீர்ந்துவிடும்; அடுத்த வரிக்கு எதுவும் மிஞ்சாது. 'ஜெனரேட்டர்' என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள்.

கேள்வி (குலசேகரம்): சாவிகள் தமிழில் இருப்பதால் வகைப்பெயர்கள் நேர்க்கோட்டில் நிற்கவில்லை. சாவியின் நீளத்தை அளந்துதான் இடைவெளி விடுகிறேன்.

பதில்: 'நாகர்கோவில்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. பைத்தான் அளக்கும் நீளம் 11, ஏனெனில் அது துணைக்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. திரையில் அது பிடிக்கும் அகலம் எழுத்துருவைப் பொறுத்து வேறாகவும் இருக்கும். ஆகவே நெடுவரிசையாக நிறுத்தும் முயற்சியை விட்டுவிட்டு, சாவியை அடுத்து முக்காற்புள்ளியும் வகைப்பெயரும் வரும்படி எழுதுங்கள். இடப்பக்கத்து உள்தள்ளல் மட்டும் ஒழுங்காக இருந்தால் மரம் படிக்கக் கிடைக்கும்.

கேள்வி (நாகர்கோவில், முதலில் கேட்ட மாணவரே): கிடைத்த மரத்தை அப்படியே டைப்டுடிக்ட் வரையறையாக (ஒரு டிக்ஷனரியின் சாவிகளையும் அவற்றின் வகைகளையும் எழுதி வைப்பது) மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம். டைப்டுடிக்ட் பைத்தான் 3.8-இல் வந்தது, கேள்விக்குறி இட்ட சாவிகளுக்குப் பொருந்தும், சாவி இல்லாமலும் இருக்கலாம் என்று குறிக்கும் 'நாட்ரிக்வயர்டு' 3.11-இல் வந்தது. ஆனால் மரம் சொல்வது இதுவரை வந்த தரவை மட்டுமே. வரையறை சொல்வது இனி வரவேண்டிய தரவை. உங்கள் மரத்தை அப்படியே மாற்றினால் 'நீர்மட்டம் ஸ்ட்ரிங்காகவும் இருக்கலாம்' என்று அந்தப் பிழையையே சட்டமாக்கியவர் ஆவீர்கள். முதலில் அந்த ஒரு பதிவைத் திருத்துங்கள். மழைக்காலத்துக் கோப்பு ஒன்றையும் கோடைக்காலத்துக் கோப்பு ஒன்றையும் சேர்த்து மரத்தை மீண்டும் வரையுங்கள். அதன் பிறகு வரையறையை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.