உங்கள் மகளை அதட்டாதீர்கள், தம்பி

வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு, டெக்சாஸில் அரசுப் பள்ளி. தினமும் காலையில் ஸ்பீக்கரில் பிளெட்ஜ், அதாவது அமெரிக்கக் கொடிக்கான உறுதிமொழி, வரும்போது வகுப்பே எழுந்து நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறது. இரண்டு வாரமாக அவள் மட்டும் எழுந்திருப்பதில்லை. "இது என் நாடு இல்லையே அப்பா, பொய்ச் சத்தியம் எப்படிப் பண்றது?" என்று உங்களிடமே கேட்டிருக்கிறாள். டீச்சரிடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்துவிட்டது. நீங்கள் எச்-1பி வேலை விசா, அவள் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. "அக்கா, இதனால் விசாவுக்கோ நாளைக்கு கிரீன் கார்டுக்கோ பிரச்சினை வருமா? ஒழுங்காக எழுந்து நில் என்று அதட்டிவிடட்டுமா?" என்பது உங்கள் கேள்வி.

அதட்டாதீர்கள் தம்பி. நான் ஒருமுறை அதட்டினேன், அதனால்தான் சொல்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம்.

கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் சரி, பிறகு குடியுரிமைக்கு நிரப்பும் படிவத்திலும் சரி, பள்ளியில் உறுதிமொழி சொன்னாயா என்று ஒரு கேள்வியும் கிடையாது. யார் எழுந்தார், யார் உட்கார்ந்தார் என்று பள்ளிக்கூடம் குடியேற்றத் துறைக்குக் கணக்குக் கொடுப்பதும் இல்லை. மாணவர் பதிவேடுகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுப்பதைக் கட்டுப்படுத்த 1974-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 2025-ல் கல்லூரி மாணவர்கள் சிலரின் விசா, அவர்களுடைய அரசியல் பேச்சைக் காரணம் காட்டி ரத்தான செய்திகளைப் படித்துத்தான் நீங்கள் பதறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பதறுவதில் தப்பில்லை. ஆனால் வகுப்பறையில் ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்திருப்பது வேறு விஷயம். ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: இதை வீடியோ எடுத்து எங்கும் போட வேண்டாம். விசாவில் இருக்கும் வரை அந்த எச்சரிக்கை நல்லது.

இப்போது உரிமைக்கு வருகிறேன். இந்த உரிமையை இந்த நாட்டுக்கு வாங்கிக் கொடுத்ததே உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள்தான். 1935-ல் பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில் லில்லியன், வில்லியம் என்று ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அவளுக்கு 12, அவனுக்கு 10. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். கடவுளைத் தவிர வேறெதையும் வணங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்தார்கள், பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகள் தோற்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் வியன்னாவில் பிறந்து சிறுவனாக இங்கே வந்தவர். நம்மைப் போல வந்தேறிய ஒருவர்தான் தேச ஒற்றுமை பெரிது என்று எழுதினார். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

தீர்ப்பு வந்த கையோடு ஊர் ஊராக அந்த மதத்துக்காரர்களை அடித்தார்கள். மேய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய கூடத்தைக் கொளுத்தினார்கள். இரண்டு வருடம் கழித்து, பெரும்பான்மையோடு சேர்ந்து தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் மூவர், நாங்கள் அன்று தவறாக முடிவெடுத்துவிட்டோம் என்று இன்னொரு வழக்கில் எழுதினார்கள்.

அடுத்தது மேற்கு வர்ஜீனியா. அங்கே 1942-ல் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கினார்கள். மறுத்த பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்குவார்கள். நீக்கிய பிறகு, பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று பெற்றோர்மேலேயே வழக்குப் போடுவார்கள்: 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. பார்னெட் என்ற குடும்பத்தின் இரண்டு சிறுமிகள் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் 1943 ஜூன் 14 அன்று தீர்ப்பு வந்தது. அன்றைக்குக் கொடி தினம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. தேசபக்தியைக் கட்டாயமாக்குவதற்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது. அப்படியிருந்தும் ஆறுக்கு மூன்று என்று நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றிக்கொண்டது. எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். பின்னாளில் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள்மேல் அமெரிக்கா சார்பில் வழக்கு நடத்தியவர் அவர்தான். பெரிய அதிகாரியோ சின்ன அதிகாரியோ, அரசியலிலும் தேசப்பற்றிலும் மதத்திலும் எது சரியான கருத்து என்று விதிக்கவோ, அதை நம்புவதாக வாயால் சொல்லவைக்கவோ யாருக்கும் அதிகாரம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எண்பது வருடம் தாண்டியும் அதுதான் சட்டம். குடிமக்கள் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதில் கோடு போடவில்லை. வாயால் சொல்லாவிட்டாலும் எழுந்தாவது நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் பிறகு சில கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் செல்லாது என்று சொல்லியிருக்கின்றன. தனியார் பள்ளி என்றால் கதை வேறு, அரசியல் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு அங்கே நேரடியாகப் பொருந்தாது. உங்களுடையது அரசுப் பள்ளி என்பதால் கவலை இல்லை.

நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நடந்திருக்கிறது தம்பி. கேரளத்தில் 1985 ஜூலையில் பிஜோ இம்மானுவேலையும் அவனுடைய இரண்டு சகோதரிகளையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள். தேசிய கீதத்துக்குத் தினமும் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அதில் இந்த மேற்கு வர்ஜீனியா வழக்கையும் எடுத்துப் பேசியிருக்கிறார். நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்புத்தன்மையைத்தான் சொல்கின்றன, அதில் தண்ணீர் கலக்க வேண்டாம் என்ற பொருளில் முடித்திருப்பார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் "அந்நிய நாட்டில் இதெல்லாம் எதுக்கு" என்று கேட்டால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

இப்போது என் கதை. நாங்கள் 2006-ல் வந்தோம். பையன் இரண்டாம் வகுப்பு. முதல் நாள் நானும் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் உறுதிமொழி ஆரம்பித்தது. ஊர்ப் பள்ளியில் பிரேயரில் செய்வதுபோல என் பிள்ளை வலது கையை நேராக முன்னால் நீட்டிவிட்டான். உள்ளங்கை கீழே பார்த்தபடி, விரல்கள் ஒட்டி, அவ்வளவு ஒழுங்காக. டீச்சர் ஓடிவந்து ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையை மடித்து அவன் நெஞ்சில் வைத்தார். எனக்கு அப்போது புரியவில்லை. இங்கே கையை அப்படி நீட்டினால் நாஜி வணக்கம் என்றுதான் பார்ப்பார்கள். 1892-ல் பிரான்சிஸ் பெல்லமி இந்த உறுதிமொழியை எழுதியபோது இங்கேயும் கையைக் கொடியை நோக்கி நீட்டித்தான் சொன்னார்கள் என்பதும், ஹிட்லர் ஆட்களின் வணக்கத்தைப் போலவே இருக்கிறது என்று 1942 டிசம்பரில்தான் நெஞ்சில் கைவைக்கும் முறைக்கு மாற்றினார்கள் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. வாசகத்தையும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதலில் "என் கொடிக்கு" என்றுதான் இருந்தது. வந்தேறிகள் மனதில் தங்கள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொள்வார்களோ என்று 1923-24-ல் அமெரிக்காவின் பெயரைச் சேர்த்தார்கள். "கடவுளின் கீழ்" என்ற சொல் 1954-ல்தான் வந்தது. நம் மாதிரி ஆட்களை மனதில் வைத்தே ஒரு வரியைத் திருத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, உங்கள் மகள் கேட்கும் கேள்வி எனக்கும் வந்தது.

அதே பையன் 2013-ல், ஒன்பதாம் வகுப்பில், ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் அவனை வராந்தாவில் போய் நிற்கச் சொன்னார். பள்ளியிலிருந்து போன் வந்தது. கிரீன் கார்டு கைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, எனக்குக் கை நடுங்கியது. சாயங்காலம் அவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, கதவருகிலேயே பிடித்துக்கொண்டேன். "நாலு பேர் மாதிரி எழுந்து நின்னுட்டு வர முடியாதா? யார் வீட்டில் வந்து இருக்கோம்னு ஞாபகம் இருக்கா?" என்றேன். அவன் சரி என்றான். மறுநாளிலிருந்து நின்றான். படிப்பு முடிகிற வரை நின்றான்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் காரில் வரும்போது சொன்னான். ஒன்பதாம் வகுப்பில் அவன் எழுந்திருக்காத அந்த வாரம்தான், அவனுடைய நண்பன் ஒருவனின் அப்பாவைக் குடியேற்றத் துறை பிடித்துக்கொண்டு போயிருந்தது. உறுதிமொழியின் கடைசியில் "அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும்" என்று வரும். பக்கத்து நாற்காலியில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கும்போது அந்த வரியைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. "நீ ஏன்னு ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா" என்றான். நான் கேட்கவே இல்லை தம்பி. ஆசிரியர் செய்தது சட்டப்படி தப்பு. நான் செய்தது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

என்னை இந்த நாட்டின்மேல் பற்றில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் குடியுரிமை வாங்கிய அன்று, நூற்றுக்கணக்கானவர்களோடு நின்று இதே உறுதிமொழியை நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வயது தாண்டி, யோசித்து, நானாகத் தேடிப்போய்ச் சொன்னது அது. உங்கள் மகளுக்கு அந்த முடிவை எடுக்க இன்னும் காலம் இருக்கிறது. ஒருவேளை அவளும் ஒரு நாள் மனதாரச் சொல்லலாம். இன்றைக்கு அவள் சொன்னாலும் அவளுடைய இந்தியக் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. இங்கே குடியுரிமை வாங்கும்போது எடுக்கும் பிரமாணம் வேறு, இது வேறு. ஆனால் பொய்ச் சத்தியம் வேண்டாம் என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை நினைக்கிறாள் என்றால், இந்த உறுதிமொழியை அவள் அவ்வளவு மதிக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

சரி, டெக்சாஸில் நடைமுறை என்ன? இங்கே இரண்டு உறுதிமொழி: அமெரிக்கக் கொடிக்கு ஒன்று, டெக்சாஸ் கொடிக்கு ஒன்று. அப்புறம் ஒரு நிமிட மௌனம். டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 25.082 பிரிவுப்படி, பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளி அந்தப் பிள்ளைக்கு உறுதிமொழியிலிருந்து விலக்கு அளித்தே ஆக வேண்டும். பெற்றோர் கடிதம் இல்லாமலே பிள்ளைக்கு அந்த உரிமை உண்டா என்பதில் வழக்கறிஞர்களுக்குள் வாதம் இருக்கிறது. நமக்கு அந்த வாதம் தேவையில்லை, ஒரு கடிதம் கொடுத்தால் முடிந்தது. மௌன நிமிடத்துக்கு இந்த விலக்கு கிடையாது. அந்த நேரத்தில் அவள் மனதுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம், மற்றவர்களுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

கடிதம் ஆங்கிலத்தில் நான்கு வரி போதும். "25.082 பிரிவின் கீழ், என் மகளை அமெரிக்க, டெக்சாஸ் கொடி உறுதிமொழிகள் இரண்டிலிருந்தும் விலக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அவள் அமைதியாக இருப்பாள். இதை அவளுடைய எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிவிக்கவும்." காரணம் எழுத வேண்டியதில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம், நமக்கு அது கை தானாக எழுதிவிடும், அழித்துவிடுங்கள். பிரின்சிபலுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, டீச்சருக்கு நகல் வையுங்கள். மின்னஞ்சல் என்றால் தேதியோடு ஆதாரம் இருக்கும்.

பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். முடியாத இடமும் உண்டு. ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு பள்ளியில், ஆசிரியர் ஒருவர் வகுப்பு முழுவதையும் உறுதிமொழியை எழுதித் தரச் சொன்னதாகவும், ஒரு மாணவி தாளில் கோடு மட்டும் கிறுக்கிக் கொடுத்ததற்குப் பூஜ்யம் போட்டதாகவும் வழக்கு நடந்தது. 2022-ல் அந்த மாணவிக்கு 90,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. பணத்துக்காகச் சொல்லவில்லை, அந்தப் பெண் வருடக்கணக்கில் அலைந்தாள். உங்கள் மகளிடம் யாராவது முகம் சுளித்தாலோ, வேறு பிள்ளைகள் "உன் ஊருக்குப் போ" என்று சொன்னாலோ, அன்றைக்கே தேதி போட்டு எழுதிவையுங்கள். பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் (கவுன்சிலர்) அவளைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.

கடிதம் அனுப்புவதற்கு முன்னால் இன்று இரவு அவளோடு உட்காருங்கள். "பொய்ச் சத்தியம்" என்று அவள் சொன்னதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். உட்கார்ந்தே இருக்க விருப்பமா, பேசாமல் எழுந்து நிற்க விருப்பமா என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடமுண்டு. கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.