விபத்தைப் படம்பிடித்த கேமரா: போலீஸிடம் கொடுப்பதா, அழிப்பதா?

கேள்வி: நான் கடலூரில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிச்சாவரத்தில் படகு ஓட்டுவதையும் கடலில் அலைச்சறுக்கு செய்வதையும் படமெடுக்க ஒரு சிறிய ஆக்‌ஷன் கேமரா வாங்கினேன். வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போதும் அதை மார்புப் பட்டையில் மாட்டிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. மூன்று வாரங்களுக்கு முன் கன்னியக்கோயில் அருகே, எதிரே வந்த கார் இண்டிகேட்டர் போடாமல் என் முன்னால் குறுக்கே திரும்பியது. மோதி விழுந்ததில் வலது கால் முறிந்துவிட்டது. ஹெல்மெட் அணிந்திருந்தேன். எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஜிபிஎஸ் வேகம் 68 என்று காட்டுகிறது. அங்குள்ள பலகையில் 50 என்று இருக்கிறது. விழுந்த பதற்றத்தில் "என் தப்புதான் சார், மன்னித்துவிடுங்கள்" என்று நான் சொன்னதும் கேட்கிறது. கார்க்காரர் "போன் வந்தது, உன்னைப் பார்க்கவே இல்லை" என்று சொன்னதும் கேட்கிறது. பேட்டரி மாற்றியதிலிருந்து கேமராவின் தேதி 2016 என்றே காட்டுகிறது.

மருத்துவமனையில் நான் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் கார்க்காரர் மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. நான்தான் வேகமாக வந்தேன் என்று அவரும் புகார் கொடுத்திருக்கிறார். காவல் நிலையத்தில் கேமராவைக் கேட்கிறார்கள். இதற்கிடையில், நாற்பது விநாடித் துண்டு ஒன்றை இசை சேர்த்து, "குடிபோதை டிரைவர்" என்று எழுதி, வண்டி எண் தெரியும்படி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். ஐந்து லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கார்டை அழித்துவிடு என்கிறார் ஒரு நண்பர். ஒலியை மட்டும் நீக்கு என்கிறார் இன்னொருவர். ஞாயிறுகளில் படமெடுப்பதையும் நிறுத்திவிட வேண்டுமா? நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: கார்டை அழிக்காதீர்கள். ஒலியை நீக்காதீர்கள். அந்தக் கார்டை மறுபடி கேமராவில் போட்டு ஒரு நொடிகூடப் பதிவு செய்யாதீர்கள். பல ஆக்‌ஷன் கேமராக்களில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும் வசதி உண்டு. அது இயங்கினால், நீங்கள் விரும்பாமலே உங்கள் சாட்சியம் போய்விடும். கார்டை வெளியே எடுத்து, ஓர் உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்திட்டு வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

அழிக்கச் சொன்ன நண்பர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் விசாரணையில் முன்வைக்க வேண்டிய மின்னணுப் பதிவை மறைப்பதும் அழிப்பதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இன்று நீங்கள் கால் முறிந்த புகார்தாரர். கார்டை அழித்த மறுநாள் நீங்களே குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள். அதோடு, அந்தப் பதிவு இருப்பதை இன்ஸ்டாகிராமில் நீங்களே ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள். கையில் இருந்த சாட்சியத்தை ஒருவர் முன்வைக்காவிட்டால், அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 119-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இனி ஒலி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். "போன் வந்தது, உன்னைப் பார்க்கவே இல்லை" என்று ஓட்டுநர் அந்த இடத்திலேயே சொன்ன வாக்கியத்துக்கு இணையான சாட்சியம் விபத்து வழக்குகளில் எளிதில் கிடைக்காது. நிகழ்வோடு சேர்ந்து, அதே சூட்டில் வெளிவந்த பேச்சை அந்த நிகழ்வின் பகுதியாகவே ஏற்க சாக்ஷிய அதினியத்தின் 4-ஆம் பிரிவு வழி செய்கிறது. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கு உள்ள தடை, சாலையில் உங்களிடம் சொன்ன சொல்லுக்குக் கிடையாது. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்ததால் அது செல்லாது என்று வாதிடுவார்கள். ஆர்.எம். மல்கானி வழக்கில் 1972-இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: பேச்சு வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று அடையாளம் காட்டப்பட வேண்டும், பதிவு திருத்தப்படாதது என்று நிறுவப்பட வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். உங்கள் மன்னிப்பு காதில் விழக் கூடாது என்று ஒலியை நீக்கினால், அவருடைய ஒப்புதலும் அதோடு போய்விடும். உங்கள் பகுதியை மட்டும் வெட்டினால், வெட்டிய தடம் முழுப் பதிவையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். "என் தப்புதான் சார்" என்றது உங்களை இவ்வளவு அச்சுறுத்த வேண்டியதில்லை. கால் முறிந்து தார் சாலையில் கிடக்கும் ஒருவர், தன்னைவிட வயதில் மூத்தவர் காரிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் முதலில் மன்னிப்புக் கேட்பது நம் ஊர்களில் நடக்கிற ஒன்றுதான். நீதிபதி அந்தச் சொல்லைப் படத்தோடு சேர்த்துத்தான் கேட்பார். கார் குறுக்கே திரும்பியதைப் படம் காட்டும்போது, அதிர்ச்சியில் வந்த ஒரு சொல் அதை மாற்றிவிடாது.

வேகம் பற்றி உங்களுக்கு இனிப்பாக மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 50 பலகை உள்ள இடத்தில் 68 என்பது எதிர்த்தரப்புக்கு வாதம்தான். இழப்பீட்டு வழக்கில் அதைப் பங்களிப்பு அலட்சியம் என்பார்கள். அதனால் இழப்பீடு அடியோடு மறுக்கப்படாது. விபத்தில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறதோ அந்த அளவு குறையும். விதிகளின்படி சோதித்துச் சான்றளிக்கப்பட்ட வேகமானி அல்ல உங்கள் கேமரா என்று உங்கள் வழக்கறிஞர் வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க மாட்டேன்.

நான் அதைவிடக் கவலைப்படுவது கேமராவின் லென்ஸ் பற்றி. இந்தச் சிறிய கேமராக்கள் அகலக் கோணத்தில் படமெடுப்பவை. அதனால் எதிரே இருக்கும் பொருள் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதுபோலத் தெரியும். உங்கள் பதிவில் கார் திரும்பத் தொடங்கும்போது இடைவெளி நிறைய இருப்பதாகத் தோன்றலாம். "பிரேக் பிடிக்க நேரம் இருந்ததே" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அந்தத் தோற்றம் லென்ஸால் வந்தது என்பதைச் சாட்சிக் கூண்டில் நீங்கள் விளக்கினால் எடுபடாது. ஒரு தொழில்நுட்ப நிபுணர் விளக்க வேண்டும். காட்சியின் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி படத்தின் ஓரங்களை வெட்டிவிடுவதையும் அவர் பதிவு செய்யட்டும்.

தேதி 2016 என்று இருப்பதை இப்போது திருத்தாதீர்கள். கோப்பில் கை வைத்தால் உண்மையான பிழையும் மோசடிபோலத் தோன்றும். கேமராவின் கடிகாரம் தவறு என்பதை, பதிவோடு நீதிமன்றத்தில் தரும் சான்றிதழிலேயே வெளிப்படையாக எழுதிக் கொடுத்துவிடலாம். ஜிபிஎஸ் உள்ள சில மாதிரிகளில் வேகத்தோடு செயற்கைக்கோள் நேரமும் இடமும் கோப்புக்குள் பதிவாகின்றன. நிபுணரால் அவற்றைப் பிரித்தெடுக்க முடியும். உங்களை அச்சுறுத்தும் 68-உம், விபத்து எந்த நாள், எந்த நிமிடம், தமிழ்நாடு–புதுச்சேரி எல்லைக்கு எந்தப் பக்கம் நடந்தது என்று நிறுவப்போகும் விவரமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட முடியாது. 108-க்குப் போன அழைப்பு, மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு ஆகியவை நேரத்தை மேலும் உறுதிப்படுத்தும். சாலையோரக் கடை, பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் சிசிடிவி பதிவுகள் விரைவில் தாமாகவே அழிந்துவிடும். மூன்று வாரங்கள் ஏற்கெனவே போய்விட்டன. அவற்றைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு இன்றே எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

சரி, போலீஸிடம் கொடுக்கலாமா? கொடுங்கள், ஆனால் வாய்ச்சொல்லில் கொடுக்காதீர்கள். கார்க்காரரின் புகாரும் வழக்காகப் பதிவானால் நீங்களும் குற்றம் சாட்டப்பட்டவராவீர்கள். அப்படிப்பட்டவரைத் தனக்கு எதிரான ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பாணையால் கட்டாயப்படுத்த முடியாது என்று ஷியாம்லால் மோகன்லால் சோக்ஸி வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் சோதனையிட்டுக் கைப்பற்றும் அதிகாரம் போலீஸுக்கு இருக்கிறது. எனவே முதலில் ஒரு வழக்கறிஞருடன் உட்கார்ந்து முழுப் பதிவையும் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதுதான் பதிவில் இருக்கிறது என்றால், 68-ஐயும் மீறி அது உங்களுக்கு ஆதரவானது என்பதே என் கருத்து.

கொடுப்பதற்கு முன் கார்டின் முழு உள்ளடக்கத்தையும் நகலெடுங்கள். மைக்ரோ எஸ்டி கார்டைப் பொருத்தும் அடாப்டரின் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அதைத் தள்ளிவிட்டு எடுத்தால் பொதுவாகக் கார்டில் எதுவும் எழுதப்படாது. நீண்ட பதிவை இந்தக் கேமராக்கள் பல கோப்புகளாக உடைத்துச் சேமிக்கும். விபத்து உள்ள கோப்பு மட்டும் போதாது, முன்னும் பின்னும் உள்ளவையும் வேண்டும். ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் அடையாளக் குறியீடு) கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், பிற்காலத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். வாட்ஸ்அப் வழியாக யாருக்கும் அனுப்பி வைக்காதீர்கள். அது கோப்பைச் சுருக்கி, உள்ளிருக்கும் விவரங்களையும் இழக்கச் செய்யும்.

காவல் நிலையத்தில் கேமராவின் மாதிரி, கார்டின் கொள்ளளவு, அதில் அச்சிட்டிருக்கும் எண், ஹாஷ் மதிப்பு எல்லாவற்றையும் எழுதிய கைப்பற்றுதல் மகஜர் (கைப்பற்றிய பொருட்களின் விவர ஆவணம்) போடச் சொல்லி, நகல் வாங்குங்கள். கைப்பற்றுவதை ஒலி, ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. கார்டு மட்டும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். கேமராவையும் எடுத்துக்கொண்டால், அதே சட்டத்தின் 497, 503 பிரிவுகளின்படி நீதித்துறை நடுவரிடம் மனுப் போட்டு இடைக்காலமாகத் திரும்பப் பெறலாம். கைப்பற்றிய பொருட்களைக் காவல் நிலையத்தில் நீண்ட காலம் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது.

நீதிமன்றத்தில் இந்தப் பதிவு ஏற்கப்பட, சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியில் நீங்களும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்புக்கு அந்தப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. அசல் கார்டையே உரிமையாளர் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். என்றாலும் அசல், சான்றிதழ் இரண்டையும் வைப்பதே நல்லது. இசை சேர்த்த அந்த நாற்பது விநாடித் துண்டுக்கு இந்த நீதிமன்றங்களில் எந்த மதிப்பும் கிடையாது.

அதனால் விளைந்தது அந்த நோட்டீஸ் மட்டும்தான். பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் எண் ரகசியம் அல்ல. அதைப் படம்பிடித்ததும் குற்றம் அல்ல. சிக்கல் "குடிபோதை" என்ற சொல்லில் இருக்கிறது. அவர் குடித்திருந்ததாகப் பரிசோதனை எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. நிரூபிக்க முடியாத அந்தச் சொல், நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறாகலாம். பதிவையும் அதன் கீழுள்ள கருத்துகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, இன்றே நீக்குங்கள். நீக்கியது தவற்றை ஒப்புக்கொண்டதாகாது என்று உங்கள் வழக்கறிஞர் பதில் நோட்டீஸில் எழுதுவார். ஐந்து லட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை. நீதிமன்ற உத்தரவு அல்ல. ஆனால் பதில் சொல்லாமல் விடாதீர்கள். வழக்கு முடியும்வரை இணையத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ஞாயிறுகளில் படமெடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ வெள்ளிக் கடற்கரையிலோ உங்கள் படத்தில் பிறர் முகம் தற்செயலாக விழுவது குற்றமாகாது. ஆனால் கடலில் குளித்துவிட்டு உடை மாற்றும் பெண்ணின் பக்கம் கேமரா திரும்பினால் அது நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு. முதல் முறையே குறைந்தது ஓராண்டு சிறை. மார்பில் மாட்டிய கேமரா நீங்கள் திரும்பும் பக்கமெல்லாம் பார்க்கும் என்பதால், அந்த இடங்களில் அதை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு. அந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் வந்திருக்கின்றன. அவற்றை நம்பித் தாமதிக்காதீர்கள். விபத்து புதுச்சேரி எல்லைக்குள் நடந்திருந்தாலும், நீங்கள் வசிப்பது கடலூர் என்பதால் கடலூரிலுள்ள தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். முறிந்த காலோடு எல்லை தாண்டி அலைய வேண்டாம். காரின் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். முதல் தகவல் அறிக்கையோடு மகஜர் நகலையும் மனுவுடன் இணைத்துவிடுங்கள். கார்டு வேறு நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்தாலும், அதை வரவழைத்துப் பார்க்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்க அந்த நகல் உதவும்.