புதினா கருகுகிறது, பக்கத்துப் புல் பச்சையாக நிற்கிறது: ஏன்?

கேள்வி: எண்ணெய் எடுக்க புதினாவும் எலுமிச்சைப்புல்லும் பயிரிட்டிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே போர் தண்ணீர், தெளிப்பான் பாசனம். புதினாவில் மட்டும் இலை ஓரம் கருகுகிறது. யூரியா கூட்டிப் போடலாமா?

பதில்: வேண்டாம். எந்த உரம் போட்டாலும் அது கரைந்து, வேரைச் சுற்றியுள்ள நீரின் அடர்த்தியைக் கூட்டும். தண்ணீரில் ஏற்கனவே உப்பு இருந்தால் செடியின் தவிப்புதான் அதிகமாகும்.

முதலில் செடியருகே உட்கார்ந்து பாருங்கள். அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிறதா? நடுப்பகுதி பச்சையாகவே இருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் உப்புதான் காரணம். நீரோடு ஏறும் சோடியமும் குளோரைடும் இலை ஓரத்தில் தங்கிவிடும். வயதான இலையில் அதிகம் சேரும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் கதையே வேறு. பைகார்பனேட் மிகுந்த நீர் மண்ணைக் காரமாக்க, மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடிவதில்லை.

சரி, எப்படி உறுதி செய்வது? மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மின்கடத்தும் திறன் (நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் அளவு) மீட்டருக்கு 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழே இருந்தால் உப்பு பிரச்சினையில்லை. 3-ஐத் தாண்டினால் அந்த நீரில் புதினா வேண்டாம். எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரில் கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் போனால் மண் இறுகிப் பொருக்குத் தட்டும். ஜிப்சம் உதவுவது இதற்குத்தான். வெறும் உப்பு நீருக்கு ஜிப்சம் போட்டுப் பலனில்லை. வடிகால் வசதி செய்து, அவ்வப்போது கூடுதலாக நீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உப்பு நீரில் எண்ணெய் சதவீதம் சில சமயம் கூடும்; அதைக் கண்டு ஏமாறாதீர்கள். உதாரணத்துக்கு, பத்து டன் தழையில் 0.5 சதவீதம் என்றால் ஐம்பது கிலோ. தழை ஆறு டன்னாகக் குறைந்தால், 0.6 சதவீதம் கிடைத்தாலும் முப்பத்தாறு கிலோதான்.

தெளிப்பானை இன்றே நிறுத்துங்கள். இலைமேல் விழும் உப்பு நேராக உள்ளே போகிறது. சொட்டுநீருக்கு மாறுங்கள்.

எலுமிச்சைப்புல் ஓரளவு உப்பைத் தாங்கும், அதனால்தான் நிற்கிறது. எண்ணெய் தரும் இன்னொரு புல்லான பாமரோசாவும், வெட்டிவேரும் நன்றாகவே தாங்கும். பரிசோதனை முடிவு மோசமாக வந்தால், அடுத்த நடவில் புதினா இருக்கும் இடத்துக்கு இவற்றில் ஒன்றை யோசியுங்கள்.